முதலாளி மடியில் கொட்டிய தண்ணீர்

சென்ற மாதம் ராஜபாளையத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கும் பயிற்சி நிலையத்துக்கு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். விமானப் பணிப்பெண் வேலைக்குப் படிக்கும் பிள்ளைகள். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கொண்டை, ஒரே நிற உதட்டுச்சாயம். பிசினஸ் கிளாஸ் என்று நான் பேச ஆரம்பித்ததும், "இப்ப வர்ற பாதிப் பிளைட்டுல அதெல்லாம் கெடையாது மேடம், எல்லாம் ஒரே சீட்டுதான்" என்று ஒரு பிள்ளை என்னைத் திருத்தியது. நானும் சிரித்துச் சமாளித்தேன். கூட்டம் முடியப் போகிற நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து இன்னொரு பிள்ளை எழுந்து, "மேடம், ஒங்க சர்வீஸ்லயே நீங்க ரொம்ப வெக்கப்பட்டுப் போன நாள் எது மேடம்?" என்று கேட்டது.

துணை விமானியின் காப்பியில் என் கொண்டை ஊசி விழுந்த கதையைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பும் பேருந்தில் உட்கார்ந்ததும் எனக்கு முகம் சுட ஆரம்பித்தது. ஊசி விழுந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது அதையல்ல.

அதற்கான பதிலை இங்கே எழுதுகிறேன். இதில் வரும் பெரியவரும் அவர் மனைவியும் இப்போது உயிரோடு இல்லை. அவர்களுடைய ஆலை கைமாறிவிட்டது, பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். பெயரைச் சொல்லப் போவதில்லை. ராஜபாளையத்தில் அப்போது வெள்ளை வேட்டி கட்டிய முதலாளிகளுக்குப் பஞ்சமில்லை, எனவே யாரும் மெனக்கெட்டுத் தேட வேண்டாம். என் கணவருக்கே முழுக்கதையும் இதைப் படிக்கும்போதுதான் தெரியப் போகிறது.

என் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் குமாஸ்தா. மாமா, பெரியப்பா பிள்ளைகள் எல்லாம் போலீஸ், பட்டாளம். எண்பதுகளின் கடைசியில் எனக்கு இந்த வேலை கிடைத்தபோது வீட்டில் யாரும் லட்டு வாங்கவில்லை. போலீசில் இருந்த மாமா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "நம்ம வம்சத்துல துப்பாக்கி தூக்கியிருக்கோம். எச்சித் தட்டு தூக்குனதில்ல" என்றார். அம்மா ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் "ஏரோப்ளேன் ஆபீஸ்ல வேல" என்று சொல்லி வைத்தாள். நானும் அதைத் திருத்தவில்லை. மடவார் வளாகம் கோயிலில் யாராவது நிறுத்தி விசாரித்தால், கணக்குப் பிரிவில் இருக்கிறவள் மாதிரி தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். அந்த வெட்கம் எனக்குச் சட்டை மாதிரி பழகிப்போயிருந்தது.

பயிற்சியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. நீந்தச் சொன்னார்கள், தீயை அணைக்கச் சொன்னார்கள், சிரிக்கச் சொன்னார்கள். மூன்றில் கடைசிதான் எனக்கு வரவில்லை. வேலை என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ரோஸ்லின் மேடம். தூத்துக்குடிக்காரர், எங்கள் குழுவுக்குத் தலைவி.

நாங்கள் பறந்தது உடல் ஒடுங்கிய விமானம். நடுவில் ஒரே ஒரு நடைபாதை, இருபக்கமும் இருக்கைகள். சென்னையிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து சென்னை என்று பக்கத்து ஊர்களுக்குப் போய் வருகிற வண்டி. அதன் மூக்குப் பக்கம் இரண்டே வரிசையை மட்டும் பெரிய இருக்கைகளாகப் போட்டு, பின்னால் ஒரு திரையைத் தொங்கவிட்டு, பிசினஸ் கிளாஸ் என்றார்கள். திரைக்கு முன்னால் இருப்பவர்களும் பின்னால் இருப்பவர்களும் ஒரே நேரத்தில்தான் சென்னையில் இறங்குவார்கள். ஆனாலும் திரைக்கு முன்னால் வெந்நீரில் நனைத்த கைத்துண்டு உண்டு, கண்ணாடி டம்ளர் உண்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுவது உண்டு. காப்பிக் கோப்பையின் காது பயணியின் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். தட்டை நீட்டும்போது நம் வளையல் சத்தம் கேட்கக் கூடாது. தூங்குகிறவரை எழுப்பக் கூடாது, எழுந்ததும் காத்திருக்க வைக்கவும் கூடாது. முன்வாசலுக்குப் பக்கத்தில் ஒருபுறம் எங்கள் குட்டி அடுக்களை, எதிர்ப்புறம் கழிப்பறை. முதல் வரிசையில் உட்கார்ந்து ரகசியம் பேசினால் அடுக்களையில் நிற்கிற எங்களுக்கு அட்சரம் பிசகாமல் கேட்கும். அம்புட்டு நெருக்கம்.

ரோஸ்லின் மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பு செய்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் நமக்கே தப்பு என்னவென்று தெரிந்துவிட வேண்டும். பயணிகள் முன்னால் வெண்ணெய் மாதிரி ஆங்கிலம். அடுக்களைக்குள் வந்துவிட்டால் சுத்தமான தென்பாண்டித் தமிழ். சேர்ந்த புதிதில் ஒருநாள் டம்ளர்களைத் துடைத்தபடியே சொன்னார்:

"வயசானவுகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் சீட்டு நனைஞ்சு போகும். நனைஞ்சா நீ மூக்கைச் சுளிக்காத, யாரையும் கூப்பிடாத. ஒரு டம்ளர் தண்ணிய எடுத்துக்கிட்டுப் போயி அவுக மடியிலயே கொட்டிரு. நாலு பேருக்குக் கேக்க மன்னிப்புக் கேளு. அதுக்குப் பொறவு நனைச்சது நீதான்."

"அவுக திட்டுனா மேடம்?"

"திட்டட்டும். எவன் கேட்டாலும் எந்தக் காலத்துல கேட்டாலும் நீதான் கொட்டுன. பாதியில மாத்திப் பேசுறதா இருந்தா கொட்டவே கொட்டாத."

அதற்கும் முறைகள் வைத்திருந்தார். ஜூஸ் கூடாது, கறை நிற்கும். காப்பி கூடவே கூடாது. ஐஸ் இல்லாத பச்சைத் தண்ணீர். மேலிருந்து ஊற்றக் கூடாது, டம்ளரை மடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சாய்க்க வேண்டும். அவர் எழுந்திருப்பதற்கு முன்னாலேயே கம்பளியை இடுப்பில் போர்த்திவிட வேண்டும். இதெல்லாம் எந்தப் பாடத்திலும் கிடையாது. எனக்கு அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு ஒரு வரன் வந்தது. ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி நெய்யும் ஆலை முதலாளியின் மகன். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர், இங்கிலீஷ் பேசுகிற, நாலு ஊர் பார்த்த பெண் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாராம். தூரத்து உறவில் ஒரு சித்தப்பாதான் தரகர் வேலை பார்த்தார். ஜாதகம் பொருந்திவிட்டது. என் வேலையைச் சொல்ல அம்மா கூச, பையனே "அதனால்தான் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டதாகச் செய்தி வந்தது. எங்கள் வீட்டு நிலைக்கு அந்த இடம் எட்டாத உயரம். அம்மா அந்த மாதம் முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்தாள். வேலையில் சேர்ந்த பிறகு முதல் தடவையாக மாமாகூட என்னைப் பார்த்து, "ப்ளேன்ல நல்லா இருக்கியாத்தா?" என்று விசாரித்தார். இது கைகூடிவிட்டால் இனி யாருக்கும் என் வேலையை மறைக்க வேண்டியிருக்காது என்று நான் நினைத்தேன். கல்யாணத்தைவிட எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

பெண் பார்க்க வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின வாரம் அம்மா சென்னைக்கு, நான் தங்கியிருந்த விடுதிக்கு, எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள்.

"ஏட்டி, நாளைக்கு மதுரை ப்ளேன்ல ஒனக்கு டூட்டிதான?"

"ஆமா. என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. தலைய நல்லா இழுத்துச் சீவிக்கோ. மூஞ்சிக்குக் கொஞ்சம் பவுடர் போட்டுக்கோ."

தினமும் அதைச் செய்யச் சொல்லித்தான் கம்பெனி சம்பளம் தருகிறது என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தேன்.

மறுநாள் மதுரையில் பயணிகள் ஏறினார்கள். முதல் வரிசையில் வயதான தம்பதி. சன்னலோரம் அந்த அம்மா, அரக்குப் பட்டும் வைரத்தோடுமாக. நடைப்பக்கம் அவர், கஞ்சி போட்ட வேட்டி, முழுக்கைச் சட்டை, நெற்றியில் மெல்லிய சந்தனம். சென்னைக்கு எப்போதும் ரயிலில் போகிறவர் என்பது பெல்ட்டைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. கைத்துண்டு கொடுத்தேன். அதை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். நான் அடுக்களைக்குத் திரும்பினதும் அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"போட்டாவுல இருந்த நெறம் இல்லீங்க. ஆனா மூக்கும் முழியும் லெச்சணமாத்தான் இருக்கு."

"மெல்லப் பேசு."

"நடைய பாத்தீகளா? குனிஞ்ச தல நிமிராம வருது."

குனிந்த தலை எனக்கு அப்போது நிமிரவே மறுத்தது. மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் என்னை வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு முன்னால், பிள்ளை வேலை செய்கிற இடத்தில் எப்படி இருக்கிறாள், ஆண்களிடம் எப்படிப் பேசுகிறாள் என்று டிக்கெட் எடுத்துப் பார்க்க வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. இனி நான் எடுக்கப்போகும் ஒவ்வொரு எச்சில் தட்டையும் அந்த வைரத்தோடு பார்க்கப்போகிறது.

கதவைச் சாத்திய பிறகு சென்னையில் அடைமழை, இப்போதைக்குக் கிளம்ப முடியாது என்று தகவல் வந்தது. வெயிலில் அப்படியே நின்றது வண்டி. யாரும் எழுந்திருக்கக் கூடாது என்கிற பெல்ட் விளக்கு அணையவே இல்லை. முன்வரிசைகளுக்கு எலுமிச்சை ஜூஸ் கொண்டுபோனேன்.

"அவியளுக்குச் சக்கர வியாதி. சீனி போடாமக் குடும்மா" என்றார் அந்த அம்மா.

சீனி இல்லாமல் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார். செத்த நேரம் கழித்து மறுபடியும் கொண்டுபோனேன். கொஞ்சம் தயங்கினார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு வாங்கிக் குடித்துவிட்டார். வீட்டுக்கு வரப்போகிற மருமகள் கையால் தரும் தண்ணீரை வேண்டாம் என்று சொல்லி அபசகுனமாக்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். இது பின்னால் எனக்குப் புரிந்தது. அப்போது புரிந்திருந்தால் ஜூஸ் பக்கமே போயிருக்க மாட்டேன்.

ஒருவழியாகக் கிளம்பினோம். மேலே போனால் மேகம். வண்டி குலுங்கிக்கொண்டே இருந்ததால் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவர் அடிக்கடி தலையைத் தூக்கி அடுக்களைப் பக்கம் பார்த்தார். நானும் பார்த்துவிட்டேன். அவர் கண்ணும் என் கண்ணும் சந்தித்ததும் அவர் சட்டென்று கீழே பார்த்துக்கொண்டார். மறுபடியும் பார்த்தார். எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. மாமனார் இப்படியா உற்று உற்றுப் பார்ப்பார் என்று எரிச்சல்கூட வந்தது. கையை நீட்டி அடுக்களைத் திரையை இழுத்துவிட்டேன்.

விளக்கு அணைந்தபின் காப்பி கொண்டுபோனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். முழங்கால் இரண்டையும் ஒட்டி வைத்திருந்தார். நெற்றிச் சந்தனம் வியர்வையில் கரைந்திருந்தது. பத்திரிகையை விரித்து மடியில் போட்டிருந்தார். மனைவிக்குக் கொடுத்த கோப்பையை எடுக்க மறுபடி போனபோது பத்திரிகையின் ஓரம் நனைந்து ஊதிப்போயிருந்ததைப் பார்த்தேன். அதன் கீழே இருக்கையின் நீலம் கறுத்திருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுக்களைக்கு வந்தேன். ரோஸ்லின் மேடம் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், மொத வரிசைப் பெரியவரு..."

"நனைஞ்சிருச்சா?"

"ஆமா. ஆனா மேடம், அவுக என்னையப் பொண்ணு பாக்க வந்துருக்காக. அந்த அம்மா அவரோட சம்சாரம்."

கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப நீ வேண்டாம். தள்ளு, நான் போறேன்."

எனக்கு உயிர் வந்தது. அந்த நேரத்தில் அந்த அம்மாவின் குரல் கேட்டது: "ஏம்மா பொண்ணு, எனக்கு ஒரு டம்ளர் தண்ணி கொண்டாயேன்." அடுத்த மூச்சில் கணவரிடம், "அந்தப் பேப்பரக் குடுங்க, விசிறிக்கிடுதேன். புழுங்குது" என்றார்.

தண்ணீர் டம்ளர் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ரோஸ்லின் மேடம் இடுக்குக்குள் நின்றுகொண்டிருந்தார், அவர் திரும்பி வெளியே வர நேரமில்லை. அந்த அம்மாவின் கை பத்திரிகையின் ஓரத்துக்குப் போய்விட்டது. நான் அப்போது பெருந்தன்மையாக எதையோ யோசித்தேன் என்று சொன்னால் பொய். அந்தப் பத்திரிகை தூக்கப்படுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான். போய்க் குனிந்து டம்ளரைச் சாய்த்துவிட்டேன்.

"ஐயோ! மன்னிச்சிருங்க சார், கை வழுக்கிருச்சு! மன்னிச்சிருங்க!" அடுத்த வரிசைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

அவர் உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தண்ணீர் தற்செயலாக விழவில்லை என்பது அவருக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. எனக்கும் அது தெரிந்தது. அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை.

"கண்ணு எங்கட்டி இருக்கு ஒனக்கு? ஒரு டம்ளரப் பிடிக்கத் தெரியாதா? புது வேட்டி! இங்கேருந்து கலியாண வீட்டுக்குப் போகணும் நாங்க!"

பின்னாலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். யாரோ "த்சொ" என்றார். நான் கம்பளியை அவர் இடுப்பில் போர்த்தி, "வாங்க சார், உள்ள போயித் துடைச்சுக்கிடலாம்" என்று கையைப் பிடித்து எழுப்பினேன். கழிப்பறைக் கதவு நடுவில் மடங்கித் திறக்கிற வகை, கைப்பிடி கிடையாது. பார்க்கிறவர்களுக்குச் சுவர் மாதிரியோ அலமாரி மாதிரியோ இருக்கும். நான் அமுக்கியதும் அது மடங்கித் திறந்தது.

அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இங்கனதான் இருந்துச்சா?" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அவர் பார்த்த பார்வையெல்லாம் என்னைப் பார்த்ததல்ல என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கழிப்பறை எங்கே என்று தேடியிருக்கிறார். யாரிடமாவது கேட்கலாம் என்றால் கேட்க வேண்டிய ஆள் நான். பெண் பார்க்க வந்த இடத்தில் அந்தப் பெண்ணிடமே போய் இதைக் கேட்பதா என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நானோ என்னைத்தான் பார்க்கிறார் என்று திரையை இழுத்துவிட்டு உள்ளே நின்றிருக்கிறேன். வெட்கம் அவருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. யாராவது ஒருவர் அதை விட்டிருந்தால் போதும்.

அந்த அம்மா பையிலிருந்து மாற்று வேட்டியை எடுத்து என் கையில் விட்டெறிந்தார். அவர் உள்ளே இருக்கும்போதே ரோஸ்லின் மேடம் வந்து இருக்கை மெத்தையைப் பிய்த்தெடுத்து, காலியாக இருந்த இன்னோர் இருக்கையின் மெத்தையைப் போட்டு, மேலே கம்பளியும் விரித்துவிட்டார். எல்லாம் ஒரு சீட்டுத் துணியை மாற்றுகிற மாதிரி நடந்து முடிந்தது. அவர் வெளியே வந்து உட்கார்ந்தார். சென்னை வரும்வரை நான் திரையை விலக்கவே இல்லை.

இறங்கும்போது அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பெரியவர் என் பக்கம் கையெடுத்துக் கும்பிடப் போய், பாதியில் கையை இறக்கிவிட்டார்.

அன்று ரோஸ்லின் மேடம் எழுதிய அறிக்கையில் என் கவனக்குறைவு என்றே எழுதினார். எழுதிவிட்டு என்னிடம் காட்டினார். "நான் வேற மாதிரி எழுதுனா ஆபீஸ்ல நாலு பேரு வாசிப்பான், சிரிப்பான்" என்றார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, பதவி உயர்வு தள்ளிப்போனது. மேடம் அதற்காக வருத்தம் சொல்லவில்லை. அடுத்த முறை மதுரை போனபோது தன் வீட்டிலிருந்து எனக்கு மீன் வறுத்துக் கொண்டுவந்தார்.

வீட்டுக்குச் சித்தப்பா மூலம் பதில் வந்தது. "டம்ளரையே பிடிக்கத் தெரியாத கை குடும்பத்த எப்படிப் பிடிக்கும்னு அந்த அம்மா கேக்காக." அம்மா என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எம்புட்டுப் பெரிய எடம்! ஒரு நாளு, ஒரே ஒரு நாளு ஒழுங்கா இருக்கக் கூடாதாட்டி? அவிய மடியிலயா போயி கொட்டுவ?"

"கை வழுக்கிருச்சும்மா."

"பவுடர் போடுன்னு சொன்னேன்ல, அப்பவாவது ஒனக்குப் புரிய வேண்டாமா?"

அப்பா சாப்பிட்ட தட்டை எப்போதும் அம்மாதான் எடுப்பாள். அன்று அவரே எடுத்துக் கழுவி வைத்தார். நான் சொல்லியிருக்கலாம். அப்பாவிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்வதற்கு வாயெடுத்தால் அந்த வேட்டியும் நீல இருக்கையும் கண்முன் வந்து நின்றன.

கதை ராஜபாளையத்தில் கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் வந்து சேர்ந்தது. அந்த அம்மா சுவையாகச் சொல்லக்கூடியவர். கல்யாண வீடு, வளைகாப்பு, கோயில் என்று போன இடமெல்லாம் சொல்லியிருக்கிறார். சொல்லச் சொல்ல டம்ளர் குடமானது. மடவார் வளாகத்தில் நான் சாமி கும்பிட்டுத் திரும்பினால் பின்னால் பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். அடுத்து வந்த இரண்டு வரன்களும் விசாரித்துவிட்டு நின்றுபோயின. ஏரோப்ளேன் ஆபீஸ் என்று அம்மா மூடி வைத்திருந்ததும் உடைந்துவிட்டது. நான் தண்ணீர் கொடுக்கிறவள், அதைக்கூட ஒழுங்காகக் கொடுக்கத் தெரியாதவள் என்று ஊருக்கே தெரிந்துபோனது. விடுமுறைக்கு ஊருக்கு வருவதையே குறைத்துக்கொண்டேன்.

சில ஆண்டுகள் போயின. ரோஸ்லின் மேடம் ஓய்வு பெற்றுத் தூத்துக்குடிக்குப் போய்விட்டார். முன்பகுதிப் பொறுப்பு எனக்கு வந்திருந்தது. ஒருநாள் மதுரையில் வாசலில் நின்று வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். படியேறி வந்தார்கள் அந்தத் தம்பதி. அவர் மெலிந்து, கையில் தடியோடு இருந்தார். கூடவே அவர்கள் சொந்தக்கார அம்மா ஒருவர். மூவரும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். பெரியவரின் மனைவி என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். நான் கைத்துண்டைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன். இந்த முறை திரையை இழுக்கவில்லை.

விளக்கு அணைந்ததும் தண்ணீர் கொண்டுபோனேன். நடைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த சொந்தக்கார அம்மாவிடம் பெரியவரின் மனைவி ஆரம்பித்துவிட்டார். என்னை வைத்துக்கொண்டே.

"மதினி, டம்ளரப் பாத்து வாங்குங்க. நான் சொல்லல, அவிய மடியில கொட்டுனவன்னு? இந்தப் பிள்ளதான்."

"இந்தப் பிள்ளையா!"

"ஆமா. ஏதோ குளிப்பாட்டி விட்ட மாதிரி. புது வேட்டி..."

தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உண்மையாகவே கொட்டிவிடுவேன் போல இருந்தது. அப்போது பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு எழப் பார்த்தார். பெல்ட்டை அவிழ்க்கத் தெரியாமல் தடுமாறி, அவிழ்த்து, நிமிர்ந்து நின்றார். நின்றுகொண்டு, இரண்டு வரிசைக்கும் திரைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கும் கேட்கிற குரலில் என்னிடம் கேட்டார்:

"ஏம்மா, கக்கூசுக்கு எப்படிம்மா போகணும்?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கதவைக் கையால் காட்டினேன்.

"என்னங்க இது, இப்படியா சத்தம் போட்டுக் கேப்பீக?" என்றார் அந்த அம்மா.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "அன்னைக்கே இப்படி வாயத் தொறந்து கேட்டிருக்கணும். கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு ஒக்காந்தேன். இந்தப் பிள்ள தண்ணிய ஊத்துறதுக்கு முந்தியே என் வேட்டி நனைஞ்சு போச்சு. அது தெரிஞ்சுதான் ஊத்துச்சு. நீ ஊரு பூராவும் சொல்லிக்கிட்டு இருக்க, நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

சொல்லிவிட்டு மெல்ல நடந்து வந்து, கதவை நடுவில் அமுக்கித் திறந்து உள்ளே போனார். அது எப்படித் திறக்கும் என்பதை அவர் மறக்கவில்லை.

பழி நீங்கியதில் எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்று என்னைப் பார்த்து மொத்த ஊரும் சிரித்தபோது வராத அழுகை இப்போது வந்தது. நான் ஒரு டம்ளர் தண்ணீரில் மூடி வைத்ததை அவர் எனக்காக இத்தனை பேர் நடுவில் தானே திறந்து காட்டிவிட்டார். வயதான மனிதனை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டோமே என்று கூனிக் குறுகிப்போனேன். இந்த வேலையில் நான் பட்ட வெட்கங்களிலேயே அதுதான் பெரியது. அந்தப் பயிற்சி நிலையத்துப் பிள்ளை கேட்ட கேள்விக்கு அந்த நாள்தான் பதில்.

சென்னையில் ஏணி வந்து சேர்ந்தது. அவர் தடியை ஊன்றி முதலில் இறங்கிப் போனார், திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அம்மா வாசலில் என் முன்னால் நின்றார். கண் சிவந்திருந்தது.

"அவிய சொன்னது நெசமாத்தா?"

ரோஸ்லின் மேடம் கண்ணாடியைக் கழற்றுவது என் மனக்கண்ணில் தெரிந்தது.

"இல்லம்மா. அவுக பெரிய மனசு, எனக்காகச் சொல்லுதாக. நான்தான் கொட்டினேன். கை வழுக்கிருச்சு."

அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். பிறகு ஏணியை எட்டிப் பார்த்துவிட்டு, வளையல் குலுங்கத் தன் கையை என் முன்னால் நீட்டினார்.

"படி செங்குத்தா இருக்கு. எனக்குக் கிறுகிறுங்குது. செத்தப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ."

வாசலில் இன்னொரு பிள்ளையை நிறுத்திவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசிப் படி வரைக்கும் அவர் கைப்பிடிக் கம்பியைத் தொடவே இல்லை.